தூங்கிய சுரப்பியும் ஓடிய இதயமும்

எங்கள் தெருவில் யாருக்கு நெஞ்சு படபடத்தாலும் முதலில் தட்டப்படுவது கடைசி வீட்டுப் பச்சைக் கதவுதான். உள்ளே இருப்பவர் டாக்டர் இல்லை. பெரிய ஆஸ்பத்திரியின் இதயப் பிரிவில் இருபத்தாறு வருடமாக ஈ.சி.ஜி. எடுக்கிற பெண்மணி. மார்பில் ஒயர் ஒட்டி, காகிதத்தில் கோடு ஓடவிட்டு, அந்தக் கோட்டைப் பார்த்தே ஆளின் பாதி ஜாதகத்தைச் சொல்லிவிடுவார். டாக்டர்களே சில சமயம் காகிதத்தை நீட்டி, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று அவரிடம் கேட்பதுண்டு. நாங்கள் அவரை ஈ.சி.ஜி. அம்மா என்போம். இப்படி ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார் என்று அடுத்த தெருக்காரர்களிடம் சொல்லிக்கொள்வதில் எங்களுக்குக் கொஞ்சம் தலைக்கனம்தான். மறைப்பானேன்?

அவருடைய கணவர் டிரைவிங் ஸ்கூல் நடத்தி ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து "கிளட்ச், கிளட்ச்" என்று கத்தியதால் அவர் கிளட்ச் சார். மனைவி ஒரு கேள்வி கேட்பதற்குள் இவர் மூன்று பதில் கண்டுபிடித்துவிடுவார். மூன்றும் தப்பாக இருக்கும். அதனால் அவர் உற்சாகம் ஒரு நாளாவது குறைந்ததாகச் சரித்திரம் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பச்சைக் கதவைத் தட்டியவள் கறிக்கடைக்காரரின் மருமகள். முப்பது வயது இருக்கும். வீட்டிலேயே தையல் மிஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைப்பவள். கையில் ஒரு பை. அழவில்லை. அழுதுகொண்டு வருகிறவர்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தால் பாதி சரியாகிவிடும். அழாமல் வருகிறவர்கள் விஷயம் வேறு.

பையில் இருந்ததை மேஜைமேல் கொட்டினாள். மாத்திரை அட்டைகள், காலியானதும் ஆகாததும். கூடவே ஒரு கட்டு மருந்துச் சீட்டு.

"எண்ணிப் பாருங்கம்மா. ஒண்ணு குறைஞ்சாலும் நானே போலீஸுக்குப் போறேன். சரியா இருந்தா, நீங்க வந்து எங்க வீட்டுல சொல்லணும்."

விஷயம் இதுதான். அவளுடைய மாமனார் ஒன்பது மாதத்தில் மூன்றாவது தடவையாக ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒவ்வொரு தடவையும் ஒரே கதை. இதயம் நிமிடத்துக்கு நூற்றைம்பது முறை தாளமில்லாமல் அடிக்கும். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். வயிறு நிறையச் சாப்பிட்டும் மனிதர் பதினான்கு கிலோ இளைத்துவிட்டார். இதயத்தின் மேலறை ஒழுங்காகத் துடிக்காமல் நடுங்கிக்கொண்டே இருக்கிறது, அப்படி நடுங்குகிற இடத்தில் ரத்தம் தேங்கி உறையும், அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். இந்த முறை ரத்தத்தைச் சோதித்ததில் தைராய்டு ஹார்மோன் எக்கச்சக்கமாக இருந்தது. ஆனால் அதைச் சுரக்க வேண்டிய கழுத்துச் சுரப்பியை ஸ்கேன் செய்து பார்த்தால், அது வேலையே செய்யாமல் தூங்கிக்கொண்டிருந்தது. சுரப்பியில் வீக்கமோ வேறு நோயோ இல்லை என்பதையும் பார்த்தாயிற்று. அப்படியென்றால் ஹார்மோன் வெளியிலிருந்து உள்ளே போகிறது. வீட்டில் யாராவது தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று டாக்டர் சாதாரணமாகத்தான் கேட்டார்.

கட்டிலைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் ஒரே சமயத்தில் மருமகளைத் திரும்பிப் பார்த்தார்கள். பிரசவத்துக்குப் பிறகு அவளுக்குத் தைராய்டு சுரப்பு குறைந்துபோய், ஆறு வருடமாகத் தினம் ஒரு மாத்திரை. வீட்டில் சமையலும் அவள்தான்.

அன்றே மாமியார் அவளை அடுப்படியிலிருந்து வெளியேற்றிவிட்டார். திங்கட்கிழமை மாமனாருக்கு டிஸ்சார்ஜ். அவர் வீட்டுக்குள் கால் வைப்பதற்குள் இவள் கிளம்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் போலீஸில் புகார். ஆறு வயது மகளை மட்டும் விட்டுவிட்டுப் போக வேண்டுமாம். லாரி ஓட்டும் கணவன், அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கிறான்.

"விஷம் வெச்சவள்னு பேர் வாங்கிட்டு அந்த வாசல்படி இறங்க மாட்டேன்மா. என் பொண்ணு நாளைக்கு அந்தப் பேரோட வளரணுமா?" என்றாள்.

ஈ.சி.ஜி. அம்மா மாத்திரைகளை எண்ண ஆரம்பித்தார். கிளட்ச் சாரும் தனியாக எண்ணி, ஒன்று குறைகிறது என்று பரபரத்தார். அந்த ஒன்று அவருடைய முழங்கையின் கீழ் இருந்தது. கணக்கு சரியாகவே வந்தது. ஆனால் அம்மாவின் விரல் மாத்திரைகளை விட்டுவிட்டு மருந்துச் சீட்டுகளுக்குப் போய்விட்டது. ஒன்பது மாதத்துக்கு முன் நூறு மைக்ரோகிராம் என்று எழுதியிருந்த அளவு, பிறகு எழுபத்தைந்தாகி, ஐம்பதாகி, கடைசிச் சீட்டில் இருபத்தைந்தாக நின்றது. ஏன் குறைத்தார்கள் என்று கேட்டார். ரத்தத்தைப் பார்த்துவிட்டுக் குறைத்தார்கள், உடம்பு தேறுகிறது என்று அந்த டாக்டருக்கு ரொம்பச் சந்தோஷம் என்றாள் அவள். தானும் ஏழு கிலோ குறைந்ததாகவும், எல்லோரும் அழகாகிவிட்டாய் என்றதாகவும் சொன்னாள்.

அதன்பின் அம்மா கேட்டதெல்லாம் சாப்பாட்டுக் கேள்விகள். யார் எங்கே, என்ன, எத்தனை நாள். கணவன் மாதத்தில் மூன்று வாரம் வண்டியில், கிடைத்த இடத்தில் சாப்பாடு. வெளியே இருக்கும்வரை நன்றாக இருப்பான். வீட்டுக்கு வந்து நாலு நாளானால் அவனுக்கும் நெஞ்சு திக்குதிக்கென்று அடிக்கும். இரண்டு பெண்கள் சண்டை போடும் வீட்டில் வேறென்ன அடிக்கும் என்று சிரித்து மழுப்புவான். கடையில் கறி வெட்டும் ஆளுக்கு மத்தியானச் சாப்பாடு இவர்கள் வீட்டு கேரியரில் போகிறது. இருபது வருடக் கை, இந்த வருடம் இரண்டு தடவை கட்டைவிரலை வெட்டிக்கொண்டது. பித்தப்பை ஆபரேஷனுக்குப் பிறகு மாமியார் கறியைத் தொடுவதில்லை, ஆள் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார். பேத்திக்குக் கறி வாசனையே ஆகாது, சோறும் முட்டையும்தான்.

அவளை அனுப்பிவிட்டு இருவரும் கடைத்தெருவுக்கு நடந்தார்கள். நடக்க நடக்க கிளட்ச் சாருக்குப் பொறி தட்டியது. வீட்டில் எல்லோருக்கும் படபடப்பு, நன்றாக இருப்பது மாமியார் ஒருத்திதான், அப்படியானால் குற்றவாளி யார் என்று நடுரோட்டில் நின்று கேட்டார்.

"பேத்தியும்தான் நல்லா இருக்கா. அவளையும் சேர்த்துப் பிடிச்சுக் குடுத்துடலாமா?" என்றார் அம்மா.

 கிளட்ச் சார் பேச்சை மாற்றி, இந்த ஹார்மோனுக்கும் இதயத்துக்கும் என்னதான் சம்பந்தம், அது கழுத்தில் இருக்கிறது, இது நெஞ்சில் இருக்கிறது என்று குறைபட்டுக்கொண்டார். அவருக்குப் புரிகிற பாஷையிலேயே அம்மா சொன்னார். உடம்பு எந்த வேகத்தில் எரிபொருளை எரிக்க வேண்டும் என்று தீர்மானிப்பது அந்த ஹார்மோன். அதுதான் ஆக்ஸிலேட்டர். யாரோ அதை விடாமல் மிதித்துக்கொண்டிருந்தால் இன்ஜின் என்ன செய்யும்? நிற்கிற வண்டியிலும் உறுமும், பெட்ரோல் காலியாகும், கடைசியில் இன்ஜினே கெட்டுப்போகும். கறிக்கடைக்காரருக்கு மூன்று தடவையும் ஈ.சி.ஜி. எடுத்தது அம்மாதான். ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் பத்து நாள் இருந்ததும் கோடு ஒழுங்குக்கு வந்தது. வீட்டுக்குப் போன சில வாரத்தில் மறுபடி கிறுக்க ஆரம்பித்தது. இன்ஜினில் கோளாறு இல்லை, மிதிக்கிற கால் வீட்டில் இருக்கிறது என்றார்.

"அப்ப மருமகதான்" என்றார் கிளட்ச் சார், சோகமாக.

"மருமகளோட ஆக்ஸிலேட்டரையும் யாரோ மிதிக்கிறாங்களே, அதைக் கவனிக்கலையா?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்பதால் மாட்டுக்கறிக் கடையில் நல்ல கூட்டம். வெள்ளைக் கல்மேடை, வரிசையாகக் கொக்கிகள், தரையில் ஒரு சொட்டு ஈரம் தேங்காத சுத்தம். நாங்கள் எல்லோரும் இருபது வருடமாக இங்கேதான் வாங்குகிறோம். எங்களில் ஒருவருக்கும் படபடப்பு கிடையாது. அதை அம்மா வழியிலேயே நாலு வீட்டில் விசாரித்திருந்தார்.

கூட்டம் குறையும்வரை காத்திருந்து, வெட்டுகிற ஆளிடம் பேச்சுக் கொடுத்தார். விரலில் கட்டோடு வேலை செய்துகொண்டிருந்த அந்த மனிதருக்கு முதலாளியைப் பற்றிப் பேசுவதென்றால் வாய் ஓயாது. தொடை, விலா, நெஞ்சுக்கறி எல்லாம் வாடிக்கையாளருக்கு. முதலாளி வீட்டுக்கு ஒரு நல்ல துண்டு இன்றுவரை போனதில்லை, அது அவருடைய சபதம் என்றார். விற்க முடியாத கழுத்துப் பகுதியைத் துண்டு துண்டாக நறுக்கி ஓரமாக இருக்கும் அலுமினியச் சட்டியில் சேர்த்து, அரைத்து வீட்டுக்கு அனுப்புவார்களாம். எதுவும் வீணாகக் கூடாது. இப்போது கழுத்தில் கறி கொஞ்சம் கூடுதலாகவே கிடைக்கிறது. முன்பெல்லாம் அறுப்பு இடத்துக்கு ஐஸ் பெட்டியோடு ஒருவர் வருவார், ஏதோ கம்பெனிக்கு என்று தொண்டைப் பக்கம் கொஞ்சம் வெட்டி எடுத்துக்கொண்டு போவார். போன வருடத்தோடு அவர் வருவது நின்றுவிட்டது. அதனால் கழுத்து இப்போது முழுசாக வருகிறது.

அம்மா அந்தச் சட்டியைக் காட்டச் சொன்னார். அரைக்கும் முன் இருந்த துண்டுகளைக் கரண்டியால் கிளறிக் கிளறிப் பார்த்தார். கொழுப்புக்கும் சதைக்கும் நடுவில் கட்டைவிரலைவிடப் பெரிதாக, கருஞ்சிவப்பாக, வழவழவென்று ஒன்று கிடந்தது. அதன் ஜோடியும் அருகிலேயே இருந்தது. இரண்டையும் கேட்டு வாங்கி, கிளட்ச் சார் ஆசையாக வாங்கிவைத்திருந்த புதுச் சாப்பாட்டு டப்பாவில் போட்டு மூடினார். கிளட்ச் சார் அந்த டப்பாவை இனி தொடப்போவதில்லை என்று அங்கேயே அறிவித்தார். இருவரும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். திசுக்களைச் சோதிக்கும் டாக்டர் அன்று பணியில் இருந்தது நல்லதாகப் போயிற்று.

மறுநாள் காலை பத்து மணிக்கு எட்டுக் கட்டில் கொண்ட அந்த வார்டில் எல்லோரும் கூடினார்கள். கறிக்கடைக்காரர் தலையணையில் சாய்ந்திருந்தார். மாமியார் அருகில் முக்காலியில். மகன் ஜன்னலோரம். வெட்டுகிற ஆளை அம்மா சொல்லி வரவழைத்திருந்தார். மருமகள் கட்டிலின் கால்மாட்டில், யாரோடும் சேராமல் நின்றாள். இதய டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்ததுபோல் ஓரமாக நின்றார்.

அம்மா கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கட்டிலில் வைத்துவிட்டு ஒவ்வொருவருடைய மணிக்கட்டாகப் பிடித்தார். ஒரு முழு நிமிடம் எண்ணி, காகிதத்தில் எழுதினார். வெட்டுகிற ஆள் நூற்றுப் பதினெட்டு. வீட்டுக்கு வந்து பத்து நாளான மகன் நூற்றுப் பத்து. மருமகள் நூற்று நாலு. மாமியார் தனக்கு எதற்கு என்று கையை இழுத்துக்கொண்டார். பிறகு கொடுத்தார். எழுபத்திரண்டு.

"மாத்திரை எல்லாம் கணக்குல இருக்கு. ஒண்ணுகூடக் குறையல" என்று ஆரம்பித்தார் அம்மா. "கணக்கை விடுங்க. இந்த மூணு பேரு நாடியைப் பாருங்க. அண்ணனுக்கு வந்த அதே நோய், கொஞ்சம் கம்மியா, இவங்க எல்லாருக்கும் இருக்கு. உங்க மருமகளுக்கும் இருக்கு. ஒன்பது மாசமா அவளோட டாக்டர் மாத்திரையைக் குறைச்சுக்கிட்டே வந்தாரே, ஏன்? அவ உடம்புக்குள்ள வேற எங்கிருந்தோ அதே ஹார்மோன் போயிருக்கு. விஷம் வெக்கறவ அதைத் தானும் தின்னுவாளா?"



அப்புறம் அம்மா நிதானமாக ஒவ்வொன்றாக அவிழ்த்தார். வெட்டுகிற ஆளுக்குப் போவது மத்தியானக் கேரியர் மட்டும், ஆக விஷயம் சாப்பாட்டில். மாமியாரும் பேத்தியும் அதே வீட்டுச் சோற்றைத்தான் சாப்பிடுகிறார்கள், கறி மட்டும் தொடுவதில்லை. அவர்களுக்கு ஒன்றுமில்லை, ஆக விஷயம் கறியில். ஊரெல்லாம் அதே கடையில் வாங்குகிறது, ஊருக்கு ஒன்றுமில்லை. ஆக, வீட்டுக்குப் போய் ஊருக்குப் போகாத கறியில். அப்படி இருப்பது ஒன்றே ஒன்று, அந்த அலுமினியச் சட்டி. டப்பாவில் இருந்ததை நேற்றே சோதித்துச் சொல்லிவிட்டார்கள். அது மாட்டின் தைராய்டு சுரப்பி.

"நமக்கு இருக்கற மாதிரியே மாட்டுக்கும் தொண்டையில இருக்கு. வேகவெச்சாலும் அந்த ஹார்மோன் சாகாது. முன்னாடி இதைத்தான் காயவெச்சுப் பொடி பண்ணி தைராய்டு மாத்திரை செய்வாங்க. ஐஸ் பெட்டிக்காரர் வெட்டிக்கிட்டுப் போனது அதுக்குத்தான். கம்பெனி ரசாயனத்துல செய்ய ஆரம்பிச்சதும் அவர் நின்னுட்டார். சுரப்பி கழுத்தோடயே உங்க கடைக்கு வந்துச்சு. நீங்க ஒண்ணையும் வீணாக்காதவர். நறுக்கி, அரைச்சு, வீட்டுக்கு அனுப்பிட்டீங்க. வெளியிலிருந்து இவ்வளவு வந்தா உங்க சுரப்பிக்கு என்ன வேலை? தூங்கிடுச்சு."

டாக்டர் கையைப் பிரித்துக்கொண்டு இரண்டடி முன்னால் வந்தார். தன் பதினெட்டு வருட அனுபவத்தில் இதைப் புத்தகத்தில் படித்ததோடு சரி என்றார். அவர் குரலில் இருந்தது மரியாதை. கிளட்ச் சார் அதைக் கேட்டுவிட்டு வார்டில் இருந்த மற்ற ஏழு கட்டில்காரர்களையும் ஒரு சுற்றுப் பார்த்தார். எல்லோரும் கேட்டார்களா என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

கறிக்கடைக்காரர் அம்மா கொண்டுவந்திருந்த டப்பாவைத் திறந்து பார்த்தார்.  அவர் கேட்ட முதல் கேள்வி தன் இதயத்தைப் பற்றியதல்ல.

"கடைக்கு வந்தவங்க யாருக்காவது இது போயிருக்குமா?"

"போகல அண்ணா. விசாரிச்சுட்டேன். ஊருக்கு நல்லதைக் குடுத்துட்டு இதை நீங்களே எடுத்துக்கிட்டீங்க."

"அப்ப சரி" என்றார் அவர். கண் கலங்கியிருந்தது, ஆனால் முதுகு நிமிர்ந்திருந்தது. அந்தக் கடையில் இருபது வருடமாக வாங்கியவர்கள் என்ற முறையில் சொல்கிறோம், அந்த இரண்டு சொல்லுக்காகவே இன்னும் இருபது வருடம் அங்கே வாங்கலாம்.

டாக்டர் அடுத்து ஆக வேண்டியதைச் சொன்னார். கழுத்தில் அறுவை எதுவும் வேண்டாம். கழுத்துக்கறி நின்றால் ஹார்மோன் தானாக இறங்கும். தூங்கிய சுரப்பி சில வாரங்களில் விழித்துக்கொள்ளும். அதுவரை இதயத்தின் வேகத்தைக் குறைக்க ஒரு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க இன்னொன்று. இரண்டாவதை ஒரு நாள்கூடத் தவறவிடக் கூடாது. மகனும் வெட்டுகிற ஆளும் இன்றே ரத்தம் கொடுக்க வேண்டும். மருமகள் தன் டாக்டரை உடனே பார்த்துத் தன் மாத்திரையின் அளவைப் பழையபடி ஏற்றிக்கொள்ள வேண்டும், சட்டி கொடுத்ததை இனி மாத்திரைதான் கொடுக்கும்.

இத்தனை நேரமும் மாமியார் முக்காலியை விட்டு அசையவில்லை. இப்போது எழுந்தார். பருத்த உடம்பு, கட்டிலைப் பிடித்துக்கொண்டு கால்மாட்டுக்கு வந்தார்.

"உனக்கு என்ன பண்ணுதுன்னு நான் ஒரு வார்த்தை கேக்கல. ஏழு கிலோ இளைச்சிருக்கே, பாத்துக்கிட்டேதான் இருந்தேன். தப்பு என்மேலதான்" என்றார். மெதுவாகச் சொல்லத் தெரியாத குரல் அது. எட்டுக் கட்டிலுக்கும் கேட்டது.

  நர்ஸ் டிஸ்சார்ஜ் காகிதத்தோடு வந்து, மூன்று மாதத்துக்கு இவருடைய சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் யார் பொறுப்பு, அவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். மகன் கையை நீட்டினான். மாமியார் அவன் கையை விலக்கிவிட்டுப் பேனாவை வாங்கி மருமகளிடம் கொடுத்தார்.

அவள் காகிதத்தைக் கட்டிலின் விளிம்பில் வைத்து முழுசாகப் படித்தாள். பெயரை எழுதினாள். நோயாளிக்கு என்ன உறவு என்று கேட்டிருந்த இடத்தில் பேனா நின்றது.

"மகள்னு போடும்மா" என்றார் மாமியார், கெஞ்சலாக.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நேற்றிலிருந்து அந்த முகத்தில் இல்லாத ஒரு சிரிப்பு லேசாக வந்தது.

"இல்ல அத்தை. மருமகள்னுதானே பழி வந்துச்சு. பேரும் மருமகள்னே வரட்டும்."

கட்டத்தை மீறிப் பெரிய எழுத்தில் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.